பதினொன்றுக்குக் கீழே

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியல் அச்சாகிவிடும். இரண்டு பக்கம், சில வாரங்களில் மூன்று. திண்டிவனத்தில் ஒரு சிறிய தாய்சேய் மருத்துவமனையின் மாடி அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே, வைக்கக் கூடாத இடத்தில் வைத்த பிரிண்டரிலிருந்து அது வரும். தாள் பறக்காமலிருக்க யாராவது கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பட்டியலில் இருப்பவர்கள் கர்ப்பிணிகள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பதினொன்றுக்குக் கீழே உள்ளவர்கள். சனிக்கிழமை அவர்களை வரவழைத்து மறுபடி சோதிப்பார்கள். மாத்திரையா, இரும்புச் சத்து டிரிப்பா என்பதை டாக்டர் சொல்வார். அந்தப் பட்டியலைத் தரும் ஆப்பைச் செய்தவன் நான்.

நான் கணினி படித்தவன் இல்லை. விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். முதலில் நிருபர், பிறகு பக்கம் பார்க்கும் துணை ஆசிரியர். அலுவலகத்தை மூடியபின் வீட்டிலிருந்தபடியே ஆப் செய்யக் கற்றுக்கொண்டேன். லோ-கோடு என்று அதற்குப் பெயர். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, கொஞ்சம் தெரிந்தால் போதும். திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து, இந்தப் பெட்டியில் எழுதுவது அந்த அட்டவணையில் போய்ச் சேரட்டும் என்று சொல்லிவிட்டால் ஆப் நடக்கத் தொடங்கிவிடும். செய்திக்கும் படத்துக்கும் விளம்பரத்துக்கும் கட்டம் ஒதுக்கிப் பழகியவனுக்கு அது அந்நிய வேலையாகத் தெரியவில்லை. ஒரு வித்தியாசம் இருந்தது. பத்திரிகையில் கட்டத்துக்குள் எதை வைத்தாலும் அது மை. இங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வகை உண்டு: எழுத்து, எண், தேதி. 7.4 என்பது எண்ணாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மருத்துவமனையின் மூத்த செவிலியர்தான் என்னைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். டாக்டர் உட்பட எல்லாரும் அவரை சிஸ்டர் என்றே அழைப்பார்கள். கண்டாச்சிபுரம், மண்டகப்பட்டு, வல்லம் பக்கத்துக் கிராமங்களில் அவர்களுக்குக் களப்பணியாளர்கள் இருந்தார்கள். எல்லாரும் அந்தந்த ஊர்ப் பெண்கள். ஆளுக்கொரு நோட்டு வைத்து, தங்கள் ஊர்க் கர்ப்பிணிகளின் விவரங்களை எழுதி வந்தார்கள். நோட்டுகள் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். முதல் பிரசவம் என்றால் கட்டாயம். எந்த நேரத்தில் அதிகம் கவனிக்க வேண்டுமோ அந்த நேரத்தில் பெண் ஊர் மாறிவிடுவார்.

"நோட்டு மாமியார் ஊர்ல இருக்குது, பொண்ணு அம்மா ஊர்ல இருக்குது" என்றார் சிஸ்டர், முதல் நாள். "இவுங்க அவுங்களுக்கு போன் பண்ணணும், அவுங்க எடுக்கணும். அதுக்குள்ள புள்ளையே பொறந்துடுது. எனக்கு ஒரே நோட்டு வேணும் சார். எல்லா ஊருக்கும் ஒண்ணு."

செய்து கொடுத்தேன். கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஒருவர் தன் கைபேசியில் அளவை எழுதினால், அந்தப் பெண் வல்லம் பக்கம் வந்துவிட்டாலும் வல்லத்துப் பட்டியலில் பெயர் வரும். விழுப்புரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முதல் இரண்டு மாதம் எந்தக் குறையும் என் காதுக்கு வரவில்லை.

குறை ஒரு பெட்டியில் தொடங்கியது. ஹீமோகுளோபின் அளவுக்கு நான் வைத்தது எண் பெட்டி. எண்ணைத் தவிர வேறு எதைத் தட்டினாலும் சிவப்பாகிவிடும். அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. களப்பணியாளர்கள் நோட்டில் எழுதிப் பழகியவர்கள். "9.2 கிராம்" என்று எழுதுவார்கள். "8,6" என்று புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைப்பார்கள். ரத்தம் எடுக்கவில்லை என்றால் ஏன் எடுக்கவில்லை என்பதையும் அதே இடத்தில் எழுதுவார்கள். பெட்டி மறுத்ததும் அந்தப் பதிவையே விட்டுவிட்டுப் போனார்கள். மாதக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா சார் உங்க ஆப்பு, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல வுட மாட்டேங்குது" என்றார் வல்லம் பக்கத்துப் பணியாளர். ஐம்பது வயதைத் தாண்டியவர். மூன்று ஏக்கர் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். ஸ்கூட்டரில் அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும். "எங்க ஊட்டு மாமியாரே தேவல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. ஊரிலிருந்து வரும் தகவலை, வந்த வடிவிலேயே முதலில் வாங்கி வைக்க வேண்டும் என்பது எனக்குப் பத்திரிகையில் பழக்கமானது. அன்று மாலையே அந்தப் பெட்டியை எழுத்துப் பெட்டியாக மாற்றினேன். பின்னால் இருந்த அட்டவணையிலும் அந்த நெடுவரிசையின் வகையை எழுத்து என்று மாற்றினேன். பதிவுகள் மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கின.

மாற்றியதும் பட்டியல் நின்றுவிட்டது. அட்டவணையிடம் நாம் கேட்பதற்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர் உண்டு. நான் கேள்வி என்றே சொல்வேன். என் கேள்வி இதுதான்: யாருக்கெல்லாம் அளவு பதினொன்றுக்குக் கீழே? இடது பக்கம் அளவு, வலது பக்கம் 11, நடுவில் சிறியது என்ற குறி. இப்போது இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் எண். இரண்டும் வேறு வகை, ஒப்பிட முடியாது என்று மென்பொருள் அந்த வரியின் அடியில் ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டுக் காட்டியது.

அந்தக் கோட்டை நான் தட்டச்சுப் பிழை போல நினைத்தேன். 11 என்ற எண்ணை இரண்டு மேற்கோள் குறிகளுக்குள் அடைத்தேன். மேற்கோளுக்குள் வந்ததும் அது எழுத்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் எழுத்து. சிவப்புக் கோடு மறைந்தது. பட்டியல் வந்தது. கணினியை மூடிவிட்டு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன். விக்கிரவாண்டி வருவதற்குள் தூங்கியும்விட்டேன்.

அதன்பின் மூன்று வியாழக்கிழமைகள் பட்டியல் அச்சானது. பெயர், ஊர், மாதம், அளவு. 10.6, 10.2, 10.8, 10.4. சனிக்கிழமைகளில் பெண்கள் வந்தார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான்காவது வியாழன், பங்குனி வெயில். வல்லம் பணியாளர் இரும்புச் சத்து மாத்திரைகள் வாங்க வந்திருந்தார். பிரிண்டருக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு நின்றது அன்றைக்கு அவர்தான். தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, விரலை ஒவ்வொரு பெயராக வைத்துக்கொண்டு வந்தார். இரண்டாம் பக்கம் முடிந்ததும் திருப்பி முதல் பக்கத்துக்குப் போனார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க."

"கேளுங்கம்மா."

"இது இன்னா சார் பரீட்ச? பத்து வாங்குனவளையெல்லாம் ஃபெயிலுன்னு கூப்பிட்டுகினு இருக்கீங்க. ஏழு, எட்டு வாங்குனவள பாஸ் பண்ணி அனுப்பிட்டீங்க போல."

சிஸ்டர் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நான் தாளை வாங்கினேன்.

ஒரு பட்டியலில் எல்லா எண்களும் ஒரே இரண்டு இலக்கங்களில் தொடங்கினால் எந்தத் துணை ஆசிரியரும் பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பார். மழையளவுப் பட்டியல் ஆனாலும், வேட்பாளர் பட்டியல் ஆனாலும், நான் அப்படி எடுத்திருக்கிறேன். இந்தப் பட்டியலை மூன்று வாரம் பார்த்தும் எடுக்கவில்லை. அது நான் செய்த பட்டியல்.

"யாராவது குறிப்பா விட்டுப் போயிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எங்க தெருவுல ஒரு பொண்ணு. கண்டாச்சிபுரம் பக்கம் கட்டிக் குடுத்துருக்காங்க. வளகாப்பு முடிஞ்சி வந்து ரெண்டு வாரம் ஆச்சி. முந்தாநேத்து கொழாயாண்ட பாத்தேன், ஒதடு வெளுத்து கெடக்குது. கொடத்த இடுப்புல வெச்சிகினு ரெண்டு எட்டு வெச்சி நிக்கறா, ரெண்டு எட்டு வெச்சி நிக்கறா. உன் பேரு லிஸ்ட்ல இல்லியே, சரியாதான் இருப்பன்னு சொல்லிட்டு நானும் வந்துட்டேன். ராத்திரி முச்சூடும் மனசு கேக்கல."

பெயரைச் சொன்னார். அட்டவணையில் தேடினேன். உடனே கிடைத்தது. கண்டாச்சிபுரம் பணியாளர் மூன்று வாரங்களுக்கு முன்பு பதிந்தது. முதல் பிரசவம். அளவு: "7.4 கிராம்". ஊர் மாறியதும் பதிவாகியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, என் கேள்வியைத் தவிர.

எழுத்தாக ஒப்பிடும்போது கணினி அகராதியின் முறையைப் பின்பற்றுகிறது. முதல் குறியைப் பார்க்கும். சமம் என்றால்தான் இரண்டாவதைப் பார்க்கும். 10.6-ஐயும் 11-ஐயும் வைத்தால், முதல் குறி இரண்டிலும் ஒன்று, இரண்டாவது குறியில் பூஜ்யம் சிறியது, ஆகவே 10.6 கீழே. 7.4-ஐயும் 11-ஐயும் வைத்தால், முதல் குறியிலேயே ஏழு ஒன்றுக்குப் பின்னால் வருகிறது. அதோடு கணக்கு முடிந்தது. 7.4 மேலே. பத்திலிருந்து பதினொன்றுக்குள் இருந்தவர்கள் மட்டும் பட்டியலில் வந்தார்கள். ஒன்பது, எட்டு, ஏழு என்று இருந்தவர்கள், யாருக்காக இந்த ஆப்பையே செய்தோமோ அவர்கள், ஆரோக்கியமானவர்களின் வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். வலது பக்கத்தை எழுத்தாக்கியிருந்தேன். மாற்றியிருக்க வேண்டியது இடது பக்கம்.

சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, இரண்டே வாக்கியம்.

"எத்தன பேரு விட்டுப் போயிருக்காங்கன்னு மொதல்ல எடுத்துக் குடுங்க" என்றார். "வருத்தத்த அப்புறம் படலாம்."

அந்த வாக்கியத்துக்கு நான் இன்றுவரை அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். உடனே வேலையில் இறங்க அது போதுமானதாக இருந்தது.

எழுத்தை எண்ணாக்க அந்த மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு. இடது பக்கத்தை அதற்குள் வைத்தேன். வலது பக்கத்தின் மேற்கோள்களை எடுத்தேன். பட்டியல் முழுவதும் காணாமல் போய், திரை நடுவில் ஒரு பிழைச் செய்தி வந்தது. ஏதோ ஒரு வரியை எண்ணாக்க முடியவில்லை. ஒன்று முடியாததால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. எந்த வரி என்று தேடினேன். மண்டகப்பட்டுப் பணியாளர் அளவுப் பெட்டியில் எழுதியிருந்தார்: "ஊசிய பாத்துட்டு பயந்துகினு ஓடிட்டாங்க".

வல்லம் பணியாளர் என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்துவிட்டு, "இத எந்த கம்ப்யூட்டர் சார் நம்பரா மாத்தும்?" என்றார். சிஸ்டர் கூடச் சிரித்துவிட்டார்.

முதலில் "கிராம்" என்ற சொல்லைக் கழித்தேன். காற்புள்ளியைப் புள்ளியாக்கினேன். ஓரத்து இடைவெளிகளை வெட்டினேன். மிஞ்சியதை எண்ணாக்கச் சொன்னேன். முடியாதவற்றைத் தனியாக இன்னொரு பட்டியலில் போடச் சொன்னேன், நிறுத்தாமல். இருபது நிமிடம் ஆகியிருக்கும். பிரிண்டர் ஓடியது. புதிதாக ஒன்பது பெயர்கள். எண்ணாகாதவை நான்கு. ஓடிப்போனவர் அதில் ஒருவர்.

சிஸ்டர் தாளை வாங்கி, அளவு குறைந்தவரிலிருந்து மேலே போகும்படி பேனாவால் வரிசை எண் போட்டுக்கொண்டார். இரண்டு செவிலியர்களை அழைத்து ஆளுக்கொரு கைபேசியைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். சிலர் அன்றே வருவதாகச் சொன்னார்கள், சிலர் மறுநாள். ஒருவர் வேறு இடத்தில் ஏற்கெனவே டிரிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் மனத்துக்குள் நன்றி சொன்னேன். கிடைக்காதவர் ஒருவர். முதல் எண் போட்டிருந்தவர். 7.4. பதிவிலிருந்த கைபேசி எண் கணவருடையது. அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"வேன் இல்ல, ஊர்ங்களுக்கு செக்கப்புக்குப் போயிருக்குது" என்றார் சிஸ்டர்.

வல்லம் பணியாளர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "இன்னாத்துக்கு வேன்? நான் போய் இட்டுகினு வரேன்."

"நானும் வரேன்" என்றேன்.

"நீங்க எதுக்கு சார்?"

அவருடைய மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். "வாங்க, வாங்க. ஜல்தியா ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

செஞ்சி சாலையில் வெயில் தார் மேல் அலைந்தது. பின்னிருக்கையில் மாத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்குள் திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"பேப்பர்ல நெறைய பேரப் பத்தி எழுதியிருப்பீங்க. உங்கள வெச்சிகினு எங்க தெருவுல பூந்தா இன்னிக்கி நான்தான் சார் நியூசு."

வீட்டு வாசலில் மல்லாட்டைச் செடி குவிந்திருந்தது. நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து காயைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணும் அவர்களோடு இருந்தார், சுவரில் முதுகைச் சாய்த்து. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. கை நிறைய வளையல்கள். மடியில், புடவை மடிப்புக்குள், ஒரு பிடி பச்சரிசி இருந்தது. எங்களைப் பார்த்ததும் அதைக் கையால் மூடினார்.

பணியாளர் குனிந்து அந்தக் கையை விலக்கினார். "பச்சரிசி துன்றியாடி?"

"சும்மா... வாய்க்கு நல்லா இருக்குதுக்கா."

"எவ்ளோ நாளா?"

ரத்தம் மிகவும் குறைந்தவர்களுக்கு அரிசி, சாம்பல், சாக்பீஸ் என்று எதையாவது மெல்லத் தோன்றும் என்று சிஸ்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். வெறும் தகவலாக அதைக் கேட்டு வைத்திருந்தேன்.

"கெளம்பு, திண்டிவனம் போறோம்" என்றார் பணியாளர்.

பெண்ணின் தாய் உள்ளேயிருந்து வந்தார். கையில் முறம். "சனிக்கெழம போனா ஆவாதா? காயி பறிக்க ஆளு இல்லாம பேஜாரா இருக்குது இங்க."

"இன்னிக்கே போவணும். ரத்தம் இல்ல அவளுக்கு."

"அதெல்லாம் இருக்குது. மாத்திர, டிரிப்புன்னு போட்டுகினு இருந்தா புள்ள கறுப்பா பொறக்குமாம். எதுத்த ஊட்ல சொன்னாங்க."

"உன் மருமவன் இன்னா எலுமிச்சம்பழ கலரா? அவன் நெறத்துக்கு மாத்திர எதுக்கு, தானா வரும்."

செடியருகில் இருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். சிரித்ததும் மூச்சு வாங்கியது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தாய் அதைப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை.

"நாங்கெல்லாம் நாலு பெத்தோம். எந்த லிஸ்ட்ட பாத்து பெத்தோம்?"

பணியாளரின் குரல் இறங்கிவிட்டது. "நாலாவது பெத்தப்ப இன்னா ஆச்சின்னு சொல்லட்டுமா? கட்டிலோட தூக்கிகினு ரோட்டாண்ட ஓடனோமே, எத்தினி பேரு ஓடனோம், ஞாபகம் இருக்குதா உனக்கு? உனக்கு எப்படி இருக்கும், உனக்குத்தான் நெனவே இல்லியே."

தாய் முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே போனார். ஒரு பையோடு திரும்பி வந்தபோது புடவை மாற்றியிருந்தார்.

பணியாளர் போன் பண்ணிக் கூப்பிட்ட ஆட்டோ வரும்வரை கிடைத்த சில நிமிடங்களில் அந்தப் பெண் என்னைக் கேட்டார். நான் டாக்டர் என்று நினைத்திருக்க வேண்டும். "சார், ஏழு புள்ளி நாலுன்னா ரொம்ப கம்மியா?"

"கம்மிதாம்மா."

"அங்க வெரல்ல குத்திப் பாத்தாங்க. லிஸ்ட்ல பேரு வந்தா கூப்புடுவாங்கன்னு சொன்னாங்க. கூப்புடல. சரி, நல்லாதான் இருக்கறோம் போலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

நான் தகவல் கேட்டுப் பழகியவன். தகவல் சொல்லிப் பழகியவன். இந்தத் தகவல் என்னைப் பற்றியது.

"உன் பேரு வந்திருக்கணும்மா. வராம போனது என் தப்பு. லிஸ்ட்டைத் தப்பா போட்டுட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "அதான் வந்துட்டீங்களே" என்றார். மடியிலிருந்த அரிசியைக் கூடை ஓரம் கொட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

திண்டிவனத்தில் மறுபடி சோதித்தார்கள். 6.8. டாக்டர் வேறு பேச்சில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் திரும்பி வந்திருந்த வேனிலேயே அனுப்பினார். ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த வாரங்களில் திண்டிவனத்துக்கே வந்து டிரிப் போட்டுக்கொண்டார். சனிக்கிழமைகளில் மாடியிலிருந்து பார்த்தால், கீழே பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்திருப்பது தெரியும். தாய் ஒரு டப்பாவில் கேப்பைக் கூழ் கொண்டு வந்து, டம்ளரில் ஊற்றி, குடித்து முடிக்கும்வரை மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வாரம் நான் செய்த வேலைகள் சிறியவை. அளவுப் பெட்டியை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று எண்ணுக்கு மட்டும்; அதன் பக்கத்தில் இன்னொன்று, யார் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள. எண்ணாகாத பதிவுகளுக்குத் தனிப் பட்டியல் வியாழன்தோறும் கூடவே அச்சாகிறது; அதில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் பேசிவிடுகிறார்கள். பட்டியலின் தலைப்பில், மிகக் குறைந்த அளவு எது, மிக அதிக அளவு எது என்று இரண்டு எண்கள் வரும்படி செய்தேன். பத்திரிகையில் இருந்தபோது எந்தப் பட்டியலிலும் முதலில் பார்ப்பது அதைத்தான். இங்கே பார்க்காமல் விட்டேன். இப்போது பார்க்காமல் இருக்க முடியாது.

சிவப்புக் கோடு போட்ட மென்பொருள்மேல் இன்று எனக்கு மரியாதை உண்டு. அது சரியாகவே சொன்னது. அதன் வாயை அடைத்தவன் நான். அதைவிடப் பெரிய மரியாதை, பட்டியல் சரியாக வந்திருக்கிறது என்று எல்லாரும் நம்பிய அறையில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தவர்மேல். ஒருமுறை அவரிடம் அதைச் சொல்லப் பார்த்தேன். முடிக்க விடவில்லை. "அட போங்க சார், லிஸ்ட்ட பாக்காம வேற எத பாக்கறது, உங்க மூஞ்சியவா?" என்று சொல்லிவிட்டு மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழன், பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே புதிய அளவு வந்தது. 10.1. பணியாளர் அன்றும் வந்திருந்தார். தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இப்பதான் சார் உங்க பழைய லிஸ்ட்டுக்கு லாயக்கா வந்துருக்கா."

அதற்கு அடுத்த மூன்றாவது வியாழன் பெயர் இல்லை. கேள்வியைத் திறந்து இடது பக்கம், வலது பக்கம் இரண்டையும் பார்த்தேன். இரண்டும் எண். அப்புறம்தான் வேறு அட்டவணையில் தேடத் தோன்றியது. பிரசவமானவர்களின் வரிசையில், கடைசியாக, அவர் பெயர் இருந்தது. தாய் நலம். குழந்தையின் எடைக்கு நான் வைத்திருந்த எண் பெட்டியில் 2.8 என்று மட்டும் இருந்தது. பக்கத்துப் பெட்டியில் வல்லம் பணியாளர் எழுதியிருந்தார்:

"பொண்ணு. அப்பன மாதிரியே கறுப்பு. அழகா இருக்கா. பாட்டி கீழ வெக்கவே மாட்டேங்குது."